புதுக்கயிறு நீளும்

கோட்டைப் பீரங்கியின் கண்ணுக்கு எதிரே
எதுவும் நிற்கக் கூடாதென்று
தாக்கீது எழுதியது என் கை.
அறுநூறு கெஜம். அதற்குள்
சுவர் ஆகாது. கூரை ஆகாது.
பனையோலைத் தட்டியும் ஆகாது.
மூன்று பிரதி. மசி மட்டமானது,
மூன்றாவதில் 'ஆகாது' எல்லாம்
வெளுத்துத்தான் விழுந்தது.

அளக்கக் கயிறு கேட்டார் ஹார்லண்ட் துரை.
கடலோரக் கயிற்றுக் கொட்டிலுக்குப் போனேன்.
நூறு கெஜம், நாலு பிரி,
நார் ஊறிய உப்பங்கழி நாற்றம் இன்னும் போகவில்லை.
ராட்டைப் பிடியை விடாமலே
எதற்கு என்று கேட்டாள் அபரஞ்சி.
நிலம் அளக்க, என்றேன்.
"அப்ப இது வேணாம் கணக்கப்பிள்ளை, புதுக்கயிறு நீளும்.
நாலு மாசம் நங்கூரம் இழுத்தது ஒண்ணு கிடக்கு.
பார்க்கத்தான் அசிங்கம். பொய் சொல்லாது."
அழுக்குக் கயிறுக்கு
சர்க்கார் கணக்கில் எந்தத் தலைப்பில் பற்று எழுதுவேன்?
புதியதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

கொத்தளத்து அடியில் முதல் முளை.
ஒரு நுனி பொன்னுரங்கத்தின் கையில்,
மறுநுனி என் இடுப்பில்.
இழு என்றார் துரை. இழுத்தோம்.
இன்னும் என்றார்.
மாசி வெயிலில் கயிறு மெல்ல முனகியது,
தூக்கத்தில் புரளும் ஆள் மாதிரி.
முதல் நூறில் ஒரு சாண் கூடியது எனக்குத் தெரியும்.
நாலாவது நூறில் எவ்வளவென்று
நான் பார்க்கவில்லை.

ஆறாவது முளை
அவள் அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும்
நடுவில் இறங்கியது.

குனிந்து கயிற்றைத் தொட்டாள்.
தன் முறுக்கு தனக்குத் தெரியாதா?
"இது என்னுது. நீண்டிருக்கு.
சுருட்டி வச்சுட்டு நாளைக்கு அளந்து பாருங்க,
என் கொட்டில் வெளியே நிக்கும்."
துபாஷி தொண்டையைச் செருமிக்கொண்டு
துரையிடம் சொன்னார்:
கயிறு நல்ல கயிறு என்கிறாள்.
துரைக்குச் சந்தோஷம். தொப்பியைத் தொட்டார்.

கொட்டிலைப் பிரிக்க அரை நாள் ஆகவில்லை.
கயிறு தாங்கும் கவைக்கோல்கள்தான் வம்பு.
இருபத்திரண்டு, கோட்டைப் பக்கமாக வரிசையாய்.
அவை கட்டடமா இல்லையா என்று
பதினேழு நாள் கச்சேரியில் கடிதம் போய் வந்தது.
எல்லாவற்றையும் நான்தான் நகல் எடுத்தேன்.
சுவர் உண்டா? இல்லை. கூரை? இல்லை.
அப்படியானால் என்ன அது?
ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை,
பெயர் இல்லாததை இடிக்க நமூனா இல்லை.

இப்போது ராட்டை ஒரு கைவண்டியில் இருக்கிறது.
விடிந்தால் எல்லை முளைக்கு இந்தப் பக்கம் நிறுத்துகிறாள்,
இருட்டினால் தள்ளிக்கொண்டு போகிறாள்.
அவள் சுற்றச் சுற்ற
இடுப்பில் நார்ப்பொதியோடு மாசிலாமணி
பின்னாலேயே நடக்கிறான்,
முகம் அவளைப் பார்த்து,
முதுகு பீரங்கியைப் பார்த்து.
எல்லையைத் தாண்டும்போது அவன் காலடி மாறுவதில்லை.
அனுமதித்த மண்ணில் பிறக்கும் கயிறு
ஆகாத மண்ணில் முடிகிறது.
பின்னோக்கி நடப்பது பற்றி
தாக்கீதில் நான் ஒரு வரியும் எழுதவில்லை.

ஒரு நாள் துரை கப்பலுக்குப் போனார்.
ஆணி அடிக்காத மசூலாப் படகு,
பலகையைப் பலகையோடு தைத்திருப்பது யார் கயிறென்று
கரையில் நின்ற எனக்குத் தெரியும்.
இரண்டாவது அலையில் படகு நெளிந்தது,
மூன்றாவதில் நிமிர்ந்தது.
தையல் இளகவில்லை.
அவர் தொப்பி மட்டும் கரைக்கு வந்தது.

கயிற்றின் விலை இன்னும் நிலுவையில்.
நேற்று வாசலில் வந்து நின்றாள்.
நூறு கெஜத்துக்குச் சீட்டு எழுதினேன்.
"அது அப்ப. இப்ப நூத்தி மூணு.
மூணு கெஜத்துக்கு யார் குடுப்பா?"

பேனாவைத் தோய்த்து வைத்திருக்கிறேன்.
மசி காய்கிறது.